விசுவாசமா? கிரியையா?

சென்ற மாதம் ஒரு மாலை, ஆய்வுக்கூட வேலை முடிந்து நண்பர்கள் நால்வர் தேநீர்க் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தோம். மாட்டுங்காவிலிருந்து வரும் நண்பர் ஒருவர் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். அவர் நல்ல சைவக் குடும்பத்திலே பிறந்தவர். கேள்வி இதுதான்: "நம்பினால் போதும், மோட்சம் கிடைத்துவிடும் என்கிறது உங்கள் மதம். வாழ்நாள் முழுவதும் ஊரை ஏய்த்தவன் சாகும் தறுவாயில் 'நம்புகிறேன்' என்று சொல்லிவிட்டால் அவனுக்கு இடம் உண்டு. வாழ்நாள் முழுவதும் பிறருக்காக உழைத்தவன் நம்பவில்லையென்றால் அவனுக்கு இடம் இல்லை. இது என்ன நியாயம்?"

அவர் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டார். நான் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். ஆனால் சயானில் இறங்கித் தாராவிக்கு நடந்து செல்லும் வழியெல்லாம் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நம் சங்க மலருக்கு எழுதுகிறேன் என்று வாக்களித்திருந்தேன். அதற்குரிய பொருளும் கிடைத்துவிட்டது.

நான் வேதசாஸ்திரம் பயின்றவன் அல்லன்; வேதியியல் பயில்கிறவன். ஆயினும் பிறந்தது முதல் வேதாகமம் வாசிக்கும் வீட்டிலே வளர்ந்தவன். அந்த உரிமையில் எழுதுகிறேன். கிறிஸ்தவர் அல்லாத நண்பர்களும் இதைப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. ஏனெனில் இது கிறிஸ்தவர்களின் வீட்டுச் சண்டை மட்டும் அன்று. 'உள்ளத்தில் பக்தி இருந்தால் போதாதா?' என்ற கேள்வி எல்லாச் சமயத்தாருக்கும் உரிய கேள்வி அன்றோ?

இரு நிருபங்கள்

புதிய ஏற்பாட்டில் இரண்டு குரல்கள் கேட்கின்றன. ஒன்று பவுலின் குரல். ரோமருக்கும் கலாத்தியருக்கும் எழுதிய நிருபங்களில் அவர் சொல்வது இது: மனிதன் நியாயப்பிரமாணத்தின் கிரியைகளினால் நீதிமான் ஆவதில்லை, விசுவாசத்தினாலேயே ஆகிறான். மற்றொன்று யாக்கோபின் குரல். கிரியையில்லாத விசுவாசம் உயிரற்றது என்று அவர் அடித்துச் சொல்கிறார். பசித்தவனையும் ஆடையில்லாதவனையும் வெறும் வாழ்த்துக் கூறி அனுப்பிவிட்டால் அதனால் யாருக்கு என்ன பயன் என்று கேட்கிறார்.

வியப்பு என்னவென்றால், இருவரும் ஒரே சாட்சியைத்தான் கூண்டில் ஏற்றுகிறார்கள். அந்தச் சாட்சி ஆபிரகாம். பவுல் ஆதியாகமத்தின் 15ஆம் அதிகாரத்தைக் காட்டுகிறார். அங்கே ஆபிரகாம் வானத்து நட்சத்திரங்களைப் பார்த்துக் கடவுளின் வாக்கை நம்புகிறார். செயல் எதுவும் செய்யவில்லை. யாக்கோபு 22ஆம் அதிகாரத்தைக் காட்டுகிறார். அங்கே அதே ஆபிரகாம் தம் மகனையே பலியிடத் துணிகிறார், நம்பிக்கை செயலாகிறது. யாக்கோபு இன்னொரு சாட்சியையும் அழைக்கிறார். அவள் ராகாப் என்னும் விலைமகள். அவள் செய்ததெல்லாம், அந்நியர் இருவருக்குத் தன் வீட்டில் இடம் கொடுத்து அவர்கள் உயிரைக் காத்ததுதான்.

மார்ட்டின் லூதர் 1522இல் புதிய ஏற்பாட்டை ஜெர்மன் மொழியில் வெளியிட்டபோது ரோமர் 3ஆம் அதிகாரத்தில் 'மட்டும்' என்ற பொருள் தரும் ஒரு சொல்லைச் சேர்த்து, 'விசுவாசத்தினால் மட்டும்' என்று ஆக்கினார். அந்தச் சொல் கிரேக்க மூலத்தில் அந்த இடத்தில் இல்லை. 'விசுவாசத்தினால் மட்டும்' என்ற தொடர் மூலத்தில் வருவது ஒரே இடத்தில்தான். அது யாக்கோபின் நிருபம்; அங்கே அது மறுக்கப்படுகிறது! லூதருக்கு யாக்கோபு பிடிக்காமல் போனதில் வியப்பில்லை. அந்த நிருபத்தை வைக்கோலுக்கு ஒப்பிட்டு எழுதிவிட்டார். ஆனால் அதே 1522இல், அதே லூதர், ரோமர் நிருபத்துக்கு எழுதிய முன்னுரையில் வேறொன்றும் சொன்னார். நெருப்பிலிருந்து வெப்பத்தையும் ஒளியையும் பிரிக்க முடியாததுபோல, விசுவாசத்திலிருந்து நற்செயலைப் பிரிக்க முடியாது என்பது அதன் கருத்து. வைக்கோலை நினைவில் வைத்துக்கொண்ட நாம் நெருப்பை மறந்துவிட்டோம்.

பந்தியும் பலகையும்

இவ்விரு குரல்களும் எந்த இடத்தில் எழுந்தன என்று பார்த்தால் ஓர் உண்மை விளங்கும்.

கலாத்தியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தியோகியா நகரிலே யூதரும் யூதரல்லாதாரும் ஒரே பந்தியில் உண்டு வந்தனர். பேதுருவும் அவர்களோடு உண்டார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் பேதுருவுக்கு அச்சம் பிறந்தது. மெல்ல எழுந்து வேறு பந்திக்குப் போய்விட்டார். பவுல் எல்லார் முன்னிலையிலும் பேதுருவை முகத்துக்கு நேரே கண்டித்தார். விசுவாசத்தினால் நீதி என்ற போதனையை அந்த நிருபத்தில் அவர் விரித்துச் சொல்வது இந்தப் பந்திச் சண்டையைத் தொடர்ந்துதான். அவர் எதிர்த்த 'கிரியைகள்' எவை? விருத்தசேதனம், உணவு விலக்கு, பண்டிகை நாட்கள். பிறப்பினால் இவன் உள்ளே, அவன் வெளியே என்று கோடு கிழிக்கும் அடையாளங்கள். பசித்தவனுக்குச் சோறிடுவதைப் பவுல் எங்கே எதிர்த்தார்?

இனி யாக்கோபின் இரண்டாம் அதிகாரத்தைத் திறவுங்கள். கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்ற பேச்சு அதன் பிற்பகுதியில் வருகிறது. அதிகாரம் எங்கே தொடங்குகிறது? சபை கூடும் இடத்தில், உட்காரும் இடத்தைப் பற்றி! பொன் மோதிரம் அணிந்த ஒருவன் வருகிறான். அவனுக்கு நல்ல இருக்கை. கந்தை உடுத்த ஒருவன் வருகிறான். அவனை அங்கே நில், அல்லது காலடியில் உட்கார் என்கிறார்கள். இப்படி வேறுபாடு செய்கிற உங்களுக்கு விசுவாசம் எப்படி இருக்க முடியும் என்று யாக்கோபு வெகுண்டு கேட்கிறார்.

ஆம். பவுல் தொடங்கியது பந்தியில். யாக்கோபு தொடங்கியது பலகையில். ஒருவர் உண்ணும் இடத்துப் பிரிவினையை எதிர்த்தார். மற்றவர் உட்காரும் இடத்துப் பிரிவினையை எதிர்த்தார். அந்தியோகியாவுக்கு வந்து பேதுருவை அச்சுறுத்தியவர்கள் யாக்கோபினிடமிருந்து வந்தவர்கள் என்று பவுலே எழுதுகிறார். அதை நான் மறைக்கவில்லை. இருவருக்கும் இடையே உரசல் இருந்திருக்கலாம். ஆனால் அதே அதிகாரத்தில் இன்னொரு செய்தியும் உண்டு. யாக்கோபும் பேதுருவும் யோவானும் பவுலுக்குக் கைகொடுத்து அனுப்பியபோது ஒரே ஒரு வேண்டுகோள் விடுத்தனர்: ஏழைகளை மறக்க வேண்டாம். அதைச் செய்யத் தாமும் ஆவலாயிருந்ததாகப் பவுல் சொல்கிறார். பின்னர் ஊர் ஊராகப் பணம் திரட்டி எருசலேமின் ஏழைகளுக்குக் கொண்டுபோனார். தத்துவத்திலே உரசியவர்கள் தருமத்திலே ஒன்றுபட்டார்கள்.

நம் தமிழில் இங்கே ஒரு சிக்கல் கூடுதலாக உண்டு. நம் பழைய மொழிபெயர்ப்பில் இரண்டு பேருக்கும் ஒரே சொல்: கிரியை. சைவ நண்பர்களுக்குச் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற வரிசை தெரியும். நாட்டு வழக்கிலோ கிரியை என்றால் இறந்தவருக்குச் செய்யும் சடங்கு. ஆகவே தமிழன் காதில் இச்சொல் விழும்போது சடங்கு என்ற எண்ணமே முந்துகிறது. பவுலுக்கு இது பொருந்தும். யாக்கோபு சொன்னது சடங்கை அன்று, சோற்றையும் துணியையும். 1995இல் வந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில் 'நம்பிக்கை', 'செயல்' என்ற சொற்களைக் கண்டபோது எனக்குப் பாதி மயக்கம் தெளிந்தது.

நம் நாட்டில்

இனி நம் மண்ணுக்கு வருவோம். 1706 ஜூலையில் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கினார். லூதர் மரபினர், ஆனால் ஹாலே நகரத்துப் பக்திமான்களிடம் பயின்றவர். ஜெபத்தோடு அனாதை விடுதியும் பள்ளியும் நடத்தியவர்கள் அவர்கள். இவரும் வந்த மறு ஆண்டே பெண்களுக்குப் பள்ளி வைத்தார். 1708இல் ஓர் ஏழை விதவையின் கடன் வழக்கில் அவள் பக்கம் பேசப்போய், டேனியத் தளபதியின் பகையைத் தேடிக்கொண்டு நான்கு மாதங்கள் சிறையிலிருந்தார். கோபன்ஹேகனில் மிஷன் சங்கத்தின் செயலாளராயிருந்த வெண்ட் என்பவருக்கோ இதெல்லாம் பிடிக்கவில்லை. அப்போஸ்தலரைப்போல் சுற்றித் திரிந்து பிரசங்கம் செய்வதை விட்டுப் பள்ளியும் கட்டடமும் எதற்கு என்று கடிந்து எழுதினார். ஆத்துமாவுக்குச் செய்யும் தொண்டையும் உடலுக்குச் செய்யும் தொண்டையும் பிரிக்க முடியாது என்பது சீகன்பால்குவின் விடை. 1719இல் அவர் இறந்தார், வயது 36. விசுவாசமா, கிரியையா என்ற வழக்கு நம் நாட்டுக்கு முதல் கப்பலிலேயே வந்துவிட்டது என்று சொல்லலாம்.

ஆனால் அந்த வழக்கு நம் நாட்டில் முற்றிய இடம் வேறு. அதுவும் பலகைதான்! தரங்கம்பாடியிலும் தஞ்சையிலும் ஒரே ஆலயத்தில் ஒரே கடவுளைத் தொழுத தமிழர் சாதிவாரியாகத் தனித்தனியே அமர்ந்தனர். நற்கருணைப் பாத்திரத்தை முன்னவர் பருகிய பிறகே பின்னவர் பருகினர். 1833இல் கல்கத்தா அத்தியட்சர் டேனியல் வில்சன், சாதி வேறுபாட்டைச் சபைகளில் அடியோடு ஒழிக்க வேண்டும் என்று கட்டளை அனுப்பினார். விளைவு என்ன? வேப்பேரியிலும் தஞ்சையிலும் பெருந்தொகையினர் ஆலயத்தை விட்டு வெளியேறினர். தஞ்சையில் எதிர்ப்புக்கு முன்னின்றவர் வேதநாயகம் சாஸ்திரியார். பஞ்ச காலத்தில் சாதி பாராமல் சோறு போட்ட ஷ்வார்ட்ஸ் ஐயரால் பிள்ளைபோல் வளர்க்கப்பட்டவர். சரபோஜி மன்னரோடு பயின்றவர். நம் கிறிஸ்தவக் கவிஞர்களில் தலைசிறந்தவர். அவருடைய விசுவாசத்தை யார் குறை சொல்ல முடியும்? எங்கள் நாட்டு வழக்கத்தில் வெளிநாட்டார் ஏன் தலையிட வேண்டும் என்று அவர் கேட்டதிலும் ஒரு தன்மான உணர்ச்சி இருந்தது. ஆயினும் எண்ணிப் பாருங்கள். வெளியேறியவர்களிடம் யாரும் ஏசுவை மறுக்கச் சொல்லவில்லை. விசுவாசப் பிரமாணத்தில் ஓர் எழுத்தை மாற்றச் சொல்லவில்லை. அடுத்தவன் பக்கத்தில் உட்காரச் சொன்னார்கள். அவ்வளவுதான்.

1850இல் சென்னை மிஷனரி மாநாடு சாதியைக் கைவிட வேண்டும் என்று தீர்மானித்தபோது லைப்சிக் மிஷன் தனித்து நின்றது. அதன் தலைவர் கார்ல் கிரௌல் சாமானியர் அல்லர்; திருக்குறளை ஜெர்மன் மொழியில் தந்தவர். அவருடைய வாதம் இது: சாதி சமுதாய வழக்கம், அதைச் சட்டம் போட்டு ஒழிப்பது மீண்டும் நியாயப்பிரமாணத்துக்குத் திரும்புவதாகும், சுவிசேஷம் புளித்த மாவைப்போல மெல்ல மெல்ல உள்ளிருந்து வேலை செய்யும். கேட்பதற்கு அழகான வாதம். ஆனால் 170 ஆண்டுகளுக்கு மேலாகியும் மாவு பொங்கவில்லையே!

வில்சனின் வழி முழு வெற்றி பெற்றதா? அதுவும் இல்லை. கட்டளைக்குக் கீழ்ப்படிய மனமில்லாதவர்கள் சாதியைச் சகித்துக்கொண்ட சபைகளைத் தேடிப் போனார்கள். சட்டம் ஒருவனைப் பக்கத்தில் உட்கார வைக்கும். அன்பு கொள்ள வைக்காது. பவுல் சொன்னதும் இதைத்தானே? பின் யார் வழி சரி? எனக்குப் பாளையங்கோட்டை இரேனியஸ் ஐயரின் வழி பிடிக்கிறது. தம் விடுதியில் எல்லா மாணவரும் ஒன்றாக உண்ண வேண்டும் என்றார். பெற்றோர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போனார்கள். போனால் போகட்டும் என்று அவர் பந்தியைப் பிரிக்காமலே இருந்தார். பிரசங்கமும் நிறுத்தவில்லை, பந்தியையும் விட்டுக்கொடுக்கவில்லை.

1999 அக்டோபர் 31ஆம் நாள், ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில், கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லூதரன் சம்மேளனமும் ஒரு கூட்டறிக்கையில் கையொப்பமிட்டன. கிருபையினால், விசுவாசத்தின் வழியாக மனிதன் நீதிமானாக்கப்படுகிறான். நற்செயல் அதன் கனியாக விளைகிறது என்பது அதன் சாரம். மெதடிஸ்டுகள் 2006இலும், சீர்திருத்தச் சபையார் 2017இலும் இணைந்தனர். ஐரோப்பாவைப் பிளந்த வழக்கு இப்படி ஏறக்குறைய முடிந்தது. நம் ஊர் வழக்கு முடிந்ததா? திருச்சி மேலப்புதூரில் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தின் நடுவே சாதிக்காக நின்ற சுவரைப் பற்றி நாளேடுகள் பலமுறை எழுதின. லூதரும் போப்பாண்டவரும் சமாதானமாகிவிட்டார்கள். செத்த தமிழர் இருவர் பக்கத்தில் பக்கத்தில் படுக்க முடியவில்லை.

அரசாங்கமும் இதில் ஒரு வேடிக்கை செய்கிறது. 1950ஆம் ஆண்டுத் தாழ்த்தப்பட்டோர் ஆணைப்படி, கிறிஸ்தவராகிவிட்ட தாழ்த்தப்பட்டவருக்கு அந்தச் சலுகை இல்லை. சென்னைத் தெருவோரத்தில் செருப்புத் தைத்த சூசை என்பவர், இந்துத் தொழிலாளருக்குக் கொடுத்த இலவசப் பெட்டிக்கடை தமக்கு மறுக்கப்பட்டதென்று உச்ச நீதிமன்றம் வரை சென்றார். மதம் மாறிய பின்பும் இழிவு அதே கடுமையோடு தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 1985இல் தீர்ப்பாயிற்று. சான்று கல்லறைத் தோட்டங்களில் இருந்தது.

என் கதை

இதுவரை ஊரார் கதை சொன்னேன். என் கதையையும் சொல்லாவிட்டால் இக்கட்டுரை நேர்மையானதாக இராது.

எட்டு வயதில் நெல்லைச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்தவன் நான். எங்கள் சாலில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் அடுத்த அறையில் இருக்கிறார். தோல் பை செய்யும் பட்டறையில் வேலை. நான் அவரை அண்ணன் என்றே அழைப்பேன். அவரும் எங்கள் சபையார்தாம், சாதி வேறு. மும்பையில் அது யாருக்கும் நினைவில்லை. ஒரே குழாய், ஒரே வரிசை, சனிக்கிழமை ஜெபத்துக்கு ஒரே பாய்.

2020 ஏப்ரல் 1ஆம் நாள் தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். இரண்டு சதுரக் கிலோமீட்டருக்குச் சற்று மேலான இடத்தில் லட்சக்கணக்கான மக்கள். விலகியிருங்கள் என்றால் எங்கே விலகுவது? மே மாதத்தில் என் தந்தையாருக்குக் காய்ச்சல் கண்டது. ஆம்புலன்ஸ் வந்து அழைத்துச் சென்றது. எங்கள் கதவைப் பார்க்கவே பக்கத்தாருக்கு அச்சம். அந்த அச்சத்தை நான் குறை கூறவில்லை. அண்ணன் மட்டும் பதினான்கு நாளும் காலையில் பாலும், மதியம் சோறும், இரண்டு குடம் தண்ணீரும் வாசலில் வைத்துவிட்டுக் கதவைத் தட்டுவார். பட்டறை மூடிக் கிடந்த காலம். அவர் கையிலும் காசில்லை. தந்தையார் பிழைத்து வந்தார்.

2022 டிசம்பர். கிறிஸ்துமசுக்கும் அதையொட்டி வரும் அசனப் பண்டிகைக்கும் இரு குடும்பமும் ஒரே ரயிலில் ஊருக்குப் போனோம். வழியெல்லாம் ஒரே பொட்டலத்தில் உண்டோம். ஊரில் இறங்கியதும் அவர்கள் ஒரு தெருவுக்கும் நாங்கள் ஒரு தெருவுக்கும் போனோம். அசனத்தில் சோறு ஒன்று, குழம்பு ஒன்று, பந்தி இரண்டு. நான் என் பந்தியில் உண்டேன். நான்காம் நாள் அண்ணனின் தாயார் இறந்துபோனார். அவர் தாராவிக்கு வரும்போதெல்லாம் நான் ஆச்சி என்று அழைத்தவர். ஆலயத்தில் ஆராதனை நடந்தது. கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். அங்கே மார்பளவு உயரத்தில் ஒரு சுவர், இரண்டு வாசல்கள். அவர்கள் வாசலுக்கு வந்ததும் என் பெரியப்பா நின்றார்; என் தந்தையாரும் நின்றார். ஜெபம் முடிந்ததும் திரும்பி நடந்தார்கள். அண்ணன் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். ஒரு பிடி மண் போட நான் உள்ளே போயிருக்கலாம். என் கையை யாரும் பிடித்து இழுக்கவில்லை. நானும் திரும்பி நடந்தேன்.

மும்பைக்கு ஒரே ரயிலில்தான் திரும்பினோம். அண்ணன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "தம்பி, பரீட்சை எப்போ?" என்று கேட்டார்.

அன்று என் விசுவாசம் எங்கே இருந்தது? பைபிளில் உள்ள ஒரு வாக்கியத்தையும் நான் மறுக்கவில்லை. கல்லறை வாசலில் நின்று உயிர்த்தெழுதலைப் பற்றிய பாட்டையும் சேர்ந்துதான் பாடினேன். எங்கள் ஆய்வுக்கூடத்தில் பாட்டிலின் மேல் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். சீட்டில் அமிலம் என்று எழுதியிருப்பதாலேயே உள்ளே இருப்பது அமிலம் என்று நாங்கள் ஒப்புவதில்லை; லிட்மஸ் தாளை நனைத்துப் பார்ப்போம். தாள் அமிலத்தை உண்டாக்குவதில்லை; காட்டிக் கொடுக்கிறது. பவுலின் கருத்தும் யாக்கோபின் கருத்தும் எனக்கு இந்த ஒப்புமையில் சேர்ந்தே விளங்குகின்றன. செயல் விசுவாசத்தை விலைக்கு வாங்கித் தராது. உள்ளே என்ன இருக்கிறது என்பதைக் காட்டும். என் தாள் அன்று நிறம் மாறவில்லை.

நண்பருக்கு விடை

மாட்டுங்கா நண்பரே, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

சாகும் தறுவாயில் நம்பியவனுக்கு இடமுண்டா? உண்டு என்றே லூக்கா எழுதிய சிலுவைக் காட்சி சொல்கிறது. பக்கத்துச் சிலுவையில் தொங்கிய கள்வன் நற்செயல் செய்ய நேரமில்லாதவன். அவனுக்கும் கதவை மூடாததுதான் கிருபை. ஆனால் ஒன்று கவனித்தீர்களா? கையும் காலும் அறையப்பட்ட நிலையிலும் அவன் ஒரு செயல் செய்தான். ஏளனம் செய்த தன் கூட்டாளியைக் கண்டித்து, குற்றமற்ற ஒருவனுக்காக வாய் திறந்தான். அவனிடம் எஞ்சியிருந்தது நாக்கு ஒன்றே. அதைக் கொண்டு நியாயம் பேசினான். கையும் காலும் நேரமும் உள்ள நாம் அந்தக் கள்வனை முன்மாதிரி காட்டிச் சும்மா இருப்பது முறையா?

நம்பாமல் நன்மை செய்தவனுக்கு இடமுண்டா? மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் கடைசித் தீர்ப்பு நாளில் கேட்கப்படும் கேள்விகள் வருகின்றன. பசித்தவனுக்கு உணவு, தாகமுற்றவனுக்குத் தண்ணீர், அந்நியனுக்கு இடம், ஆடையில்லாதவனுக்கு உடை, நோயாளிக்குத் துணை, சிறையிலிருப்பவனைப் போய்க் காணுதல். விசுவாசப் பிரமாணம் சொல்லத் தெரியுமா என்ற கேள்வி அங்கே இல்லை. செய்தவர்களுக்கோ தாங்கள் யாருக்குச் செய்தோம் என்பதுகூடத் தெரியவில்லை. 2020இல் எங்கள் தாராவியில் சோற்றுப் பொட்டலம் சுமந்தவர்களில் எல்லா மதத்தாரும் இருந்தனர்; கடவுள் இல்லை என்போரும் இருந்தனர். அவர்களுக்கு இடமில்லை என்று சொல்ல எனக்கு அதிகாரம் ஏது?

அந்தப் பட்டியலின் கடைசி வரிக்கு நம் காலத்தில் ஒரு தமிழர் உரியவரானார். திருச்சிராப்பள்ளிக்காரர், இயேசு சபைக் குரு ஸ்டான் சுவாமி. ஜார்க்கண்டில் விசாரணையின்றிச் சிறைகளில் வாடிய ஆதிவாசி இளைஞர்களுக்காக வாதாடியவர். 2020 அக்டோபரில் பீமா கோரேகாவ் வழக்கில் அவரே கைதானார். குற்றச்சாட்டுகளை மறுத்தார். நடுக்கவாத நோயால் டம்ளரைப் பிடித்துக் குடிக்க முடியாதவர் தலோஜா சிறையிலிருந்தார். 2021 ஜூலை 5ஆம் நாள், நம் பாந்த்ராவில் ஒரு மருத்துவமனையில், வழக்கு விசாரணை தொடங்கும் முன்னரே, 84ஆம் வயதில் விசாரணைக் கைதியாகவே இறந்தார். அவருடைய அரசியல் கருத்துகளை ஒருவர் ஏற்கலாம், மறுக்கலாம். விசுவாசத்தால் ஒரு மனிதன் எவ்வளவு தூரம் நடப்பான் என்பதற்கு வேறு உரைகல் வேண்டுமா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மதம் மாற்றும் தூண்டிலாகத் தருமம் செய்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு எங்கள்மேல் உண்டு. சில இடங்களில் அது உண்மையாகவும் இருந்திருக்கும். விசுவாசத்தை விலையாகக் கேட்கிற சோறு வாணிகமாகிவிடுகிறது. யாக்கோபு கந்தை உடுத்தவனைப் பற்றிச் சொன்னபோது அவன் எதை நம்புகிறான் என்று விசாரிக்கச் சொல்லவில்லை.

தமிழ் மாணவ நண்பர்களே! இப்பெருநகரில் நாம் எல்லாரும் 'மதறாசி' என்ற ஒரே பெயருக்குள் அடைபட்டவர்கள். ஓட்டலிலும் ரயிலிலும் வகுப்பிலும் பக்கத்தில் பக்கத்தில் அமர்கிறோம். அதைப் பெரிய சீர்திருத்தம் என்று எண்ணி மகிழ்கிறோம். அது நம் நற்செயல் அன்று. இடநெருக்கடி செய்து வைத்த நன்மை. நம் சோதனை விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது, ரயிலை விட்டு இறங்கிய இடத்தில் தொடங்குகிறது. கோயில் தேரோ, ஊர்க் கிணறோ, கல்லறைத் தோட்டமோ, நம் ஒவ்வொருவர் ஊரிலும் ஒரு சுவர் இருக்கத்தான் செய்கிறது. சைவ நண்பர் அவர் ஊர்ச் சுவரைப் பார்க்கட்டும். நான் என் ஊர்ச் சுவரைப் பார்க்கிறேன்.

நான் செய்ய எண்ணியிருப்பது சிறிய காரியம். வருகிற விடுமுறையில் ஊருக்குப் போகும்போது அண்ணனோடு அந்த வாசல் வழியே உள்ளே சென்று ஆச்சியின் கல்லறையில் பூ வைப்பேன். அசனத்தில் அவர் பந்தியில் அமர்ந்து உண்பேன். பெரியப்பா கோபிப்பார். தந்தையார் என்ன செய்வார் என்பது தெரியாது. இதை முன்கூட்டியே அச்சில் எழுதிவிட்டதற்கும் காரணம் உண்டு. சுவரோரம் நின்று மறுபடியும் நான் திரும்பி நடந்தால், ஏன் என்று கேட்க இந்தப் பல்கலைக்கழகத்தில் நீங்கள் இத்தனை பேர் இருக்கிறீர்கள்.